தாடை மூட்டு வலி: காதுக்கும் பல்லுக்கும் அலையாமல் சரிசெய்துகொள்ள ஒரு முழு வழிகாட்டி

எனக்கு வந்தது காது வலி என்றுதான் முதலில் நினைத்தேன். இடது காதுக்குள் ஒரு குத்தல். மெல்லும்போது கூடும், காலையில் எழுந்ததும் அதிகமாக இருக்கும். காது மருத்துவர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, காது சுத்தமாக இருக்கிறது என்றார். அடுத்துப் பல் மருத்துவரிடம் போனேன். கடைசிக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். பத்து நாளில் ஈறு ஆறியது, வலி அப்படியே இருந்தது.

மூன்றாவதாகப் பார்த்தவர் ஸ்கேன் எதுவும் எழுதவில்லை. இரண்டு காதுக்கும் முன்னால் விரல் நுனிகளை வைத்துக்கொண்டு, "மெதுவா வாயைத் திறங்க, இப்ப மூடுங்க" என்றார். நாலைந்து முறை திறந்து மூடினேன். பிறகு கன்னத்துச் சதையை, தாடை திரும்பும் முனைக்குக் கொஞ்சம் மேலே, ஒற்றை விரலால் அழுத்தினார். துள்ளிவிட்டேன். "நீங்க சொன்ன வலி இதுதானா?" என்று கேட்டார். அதேதான். ஏழு மாதமாகக் காதுக்குள் தேடிய வலி என் கன்னத்துச் சதையில் உட்கார்ந்திருந்தது.

அங்கிருந்து ஐந்து மாதத்தில் வலி போனது. அறுவை இல்லை, ஊசி இல்லை. நான் மருத்துவர் அல்ல. அந்த ஐந்து மாதத்தில் செய்ததையும், அப்போதும் பிறகும் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதையும் வரிசையாக எழுதுகிறேன். இதே அலைச்சலில் இருக்கும் ஒருவருக்கு ஒரு பல்லாவது மிஞ்சினால் போதும்.

காதுக்கு முன்னால் ஒரு விரலை வையுங்கள்

காதுத் துளைக்கு முன்னால் சின்ன மடல் ஒன்று இருக்கிறதல்லவா, அதற்கு அரை அங்குலம் முன்னால் சுட்டுவிரலை வைத்துக்கொண்டு வாயை மெதுவாகத் திறங்கள். முதல் பாதியில் விரலுக்கு அடியில் பெரிதாக எதுவும் நகராது. கீழ்த்தாடையின் குமிழ் போன்ற முனை, கதவுக் கீல் மாதிரி இருந்த இடத்திலேயே சுழல்கிறது. இன்னும் திறந்தால் விரலுக்கு அடியில் ஒரு குழி விழும். அந்தக் குமிழ் தன் குழியை விட்டு இறங்கி, முன்னால் இருக்கும் எலும்பு மேட்டின்மேல் சறுக்கிப் போய்விட்டது. சுழல்வது, சறுக்குவது இரண்டையும் இந்த மூட்டு செய்தாக வேண்டும். வலது இடது இரண்டு மூட்டும் ஒரே எலும்பின் இரண்டு முனைகள் என்பதால், ஒன்று சண்டித்தனம் செய்தால் மற்றதும் சேர்ந்து பாடுபடும்.

குமிழுக்கும் மேலே உள்ள மண்டையோட்டுக் குழிக்கும் நடுவில் மெத்தை போல ஒரு சின்ன வட்டு இருக்கிறது. டிஸ்க் என்பார்கள். சிலருக்கு அது கொஞ்சம் முன்னால் நழுவி நிற்கும். வாயைத் திறக்கும்போது குமிழ் அந்த வட்டின்மேல் தாவி ஏறும், அதுதான் "டக்" என்ற சத்தம். மணலை அரைப்பது போன்ற கரகரச் சத்தம் வேறு. அது மூட்டின் வழவழப்பான மேற்பரப்பு தேய்ந்திருப்பதைக் காட்டலாம்.

ஆகவே தாடைக் கோளாறு என்று பொதுவாகச் சொன்னாலும் உள்ளே மூன்று வகை உண்டு: தசை வலி, டிஸ்க் நழுவல், மூட்டுத் தேய்மானம் அல்லது அழற்சி. இவற்றில் அதிகம் காணப்படுவது தசை வலிதான். பலருக்கு இரண்டு கலந்தே இருக்கும். இருபது முதல் நாற்பது வயதுக்குள் வருவது அதிகம், ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம்.

காது வலியாகத் தெரிவதற்குக் காரணம் அக்கம்பக்கம்தான். மூட்டு காதுக் குழாயை ஒட்டியே இருக்கிறது. மூட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பின் கிளையே காதின் முன்பகுதிக்கும் நெற்றிப்பொட்டுக்கும் போகிறது. வலி எங்கிருந்து கிளம்பியது என்று மூளைக்குச் சரியாகப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. காது அடைப்பு, காதில் இரைச்சல், பொட்டில் தலைவலி என்று பல வேஷம் போடுவது இதனால்தான்.

சத்தம் மட்டும் இருக்கிறது, வலியில்லை, வாய் நன்றாகத் திறக்கிறது என்றால் சிகிச்சையே வேண்டாம். நிறையப் பேருக்கு இந்தச் சத்தம் ஆயுள் முழுக்க இருக்கும், ஒன்றும் ஆகாது. "இன்னும் சத்தம் வருகிறதா" என்று தாடையை அடிக்கடி ஆட்டிச் சோதிப்பதை மட்டும் விட்டுவிடுங்கள்.

படி 1: இது தாடை மூட்டுதானா?

வீட்டில் எதையும் தொடங்கும் முன் இதைக் கடந்தாக வேண்டும். தாடையில் வலி வருவதெல்லாம் மூட்டுக் கோளாறு அல்ல. சில வலிகளில் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

நடக்கும்போதோ படியேறும்போதோ தாடை வலித்து, கூடவே நெஞ்சு அழுத்தம், வியர்வை, மூச்சிரைப்பு இருந்தால் அது இதயமாக இருக்கலாம். 108-ஐ அழையுங்கள். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் நெஞ்சு வலியே இல்லாமல் தாடை வலியோடு மாரடைப்பு வருவதுண்டு.

ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்குப் புதிதாகப் பொட்டில் தலைவலி, தலை சீவினால் நோவு, நாலு வாய் மென்றதும் தாடை சோர்ந்து வலித்து நிறுத்தினால் விட்டுவிடுவது, பார்வை மங்குவது அல்லது இரண்டாகத் தெரிவது ஆகியவை இருந்தால், நெற்றிப்பொட்டு ரத்தக் குழாயின் அழற்சியாக இருக்கலாம். அபூர்வமானது, ஆனால் கண்பார்வையைப் பறித்துவிடும். அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

கீழே விழுந்து மோவாயில் அடிபட்ட பிறகு வாய் திறக்கவில்லை, பல் சேர்க்கை, அதாவது மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சேரும் விதம், மாறியதுபோல் இருக்கிறது என்றால் மூட்டு எலும்பு முறிந்திருக்கலாம். குழந்தைகள் விஷயத்தில் இதை அலட்சியம் செய்யவே கூடாது. மோவாயில் தையல் போட்டு அனுப்பிவிடுவார்கள், காதுக்கு முன்னால் இருக்கும் முறிவு கவனிக்கப்படாமல் போகும். அது ஒட்டிப்போனால் வாய் திறக்காது, தாடை வளர்ச்சியும் நின்றுவிடும்.

காய்ச்சலும் முக வீக்கமும் இருந்தால் பல் சீழாக இருக்கலாம். காயம் பட்ட சில நாளில் தாடை இறுகி, கழுத்தும் விறைத்தால் ரண ஜன்னியாக (டெட்டனஸ்) இருக்கலாம். மின்சாரம் பாய்ந்தது போல நொடிக்கணக்கில் வெட்டிவிட்டுப் போகும் வலி, முக நரம்பு வலி. இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத வாய்ப்புண், கட்டி, உதடோ கன்னமோ மரத்துப்போவது, காரணமில்லாமல் எடை குறைவது இவற்றில் எது இருந்தாலும் புற்றுநோய்ப் பரிசோதனை வேண்டும்.

இன்னொன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் இது சாதாரணமாக நடக்கிறது. பாக்கு, பான் மசாலா, குட்கா போடுபவர்களுக்கு வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்காமல் போகும். கூடவே காரம் சாப்பிட்டால் வாய் எரியும். கன்னத்தின் உட்புறம் வெளிறி, விரலால் தடவினால் கயிறு கட்டியது போல் இறுகிய நார்கள் தட்டுப்படும். இதில் மூட்டின்மேல் குற்றமில்லை, கன்னத்துச் சவ்வே நாராக இறுகிவிட்டது. இது புற்றுநோயாக மாறக்கூடிய நிலை. புகையிலை கலக்காத வெறும் பாக்கு போட்டாலும் வரும். இவர்களுக்குக் கீழே உள்ள பயிற்சிகள் பதில் அல்ல. பாக்கை அன்றே நிறுத்திவிட்டுப் பல் மருத்துவரிடம் போக வேண்டும்.

படி 2: அளந்து எழுதுங்கள்

ஒரு ஸ்கேல், ஒரு நோட்டு. கண்ணாடி முன் நின்று வலிக்காத அளவுக்கு வாயைத் திறந்து, மேல் முன்பல் நுனிக்கும் கீழ் முன்பல் நுனிக்கும் இடையே உள்ள தூரத்தை மில்லிமீட்டரில் குறியுங்கள். பெரியவர்களுக்கு 40 முதல் 50 வரை இயல்பு. ஸ்கேல் இல்லையென்றால் உங்கள் மூன்று விரல்களை நெட்டுக்குத்தாக வைத்துப் பாருங்கள். மூன்றும் நுழைந்தால் நல்லது, இரண்டோடு நின்றால் கவனிக்க வேண்டும். எனக்கு முதல் நாள் 31 இருந்தது. அந்த எண்ணைப் பார்த்த பிறகுதான் உண்மையிலேயே ஏதோ தவறாக இருக்கிறது என்று உறைத்தது.

அப்புறம் கண்ணாடியில் மோவாயைப் பாருங்கள். நேராக இறங்குகிறதா, ஒரு பக்கம் ஒதுங்குகிறதா? இறங்கும்போது ஒதுங்கி, கடைசியில் நடுவுக்கு வந்துவிட்டால் பெரும்பாலும் நழுவித் திரும்பும் டிஸ்க். ஒரு பக்கமாகவே போய் நின்றுவிட்டால், அந்தப் பக்கத்து மூட்டு சறுக்கவில்லை என்று பொருள்.

ஒரு வாரம் தினமும் மூன்று விஷயம் எழுதுங்கள்: வலி பத்துக்கு எத்தனை, எந்த நேரம் அதிகம், அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தீர்கள். காலையில் வலி என்றால் இரவில் பல்லைக் கடிக்கிறீர்களோ என்று சந்தேகிக்கலாம். மாலையில் ஏறினால் பகலில் கடிக்கிறீர்களோ என்று பாருங்கள். எனக்கு இரண்டும் இருந்தது. ஆனால் என் நோட்டில் நான் எதிர்பார்க்காதது ஒன்று தெரிந்தது. மாதக் கடைசியில், கணக்கு முடிக்கும் மூன்று நாட்களில், வலி நாலிலிருந்து ஏழுக்குத் தாவியிருந்தது.

படி 3: பற்களைப் பிரித்து வைப்பது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒன்றையொன்று தொட வேண்டியது விழுங்கும்போதும் மெல்லும்போதும் மட்டும்தான். ஒரு நாளைக்கு எல்லாவற்றையும் கூட்டினாலும் அரைமணி நேரம் வராது. மற்ற நேரமெல்லாம் உதடு மூடியிருந்தாலும் பற்கள் பிரிந்தே இருக்க வேண்டும். இதைக் கேட்டபோது நான் நம்பவில்லை. வாயை மூடினால் பல் சேர்ந்திருப்பதுதான் இயல்பு என்று முப்பத்தெட்டு வருடம் நினைத்திருந்தேன். இப்போது இதைப் படிக்கும் நீங்களும் உங்கள் பற்களைக் கவனியுங்கள். தொட்டுக்கொண்டிருக்கின்றனவா?

பொறுத்துப் போவதற்கு நாம் சொல்லும் வார்த்தையே "பல்லைக் கடித்துக்கொண்டு" என்பதுதான். பல்லைக் கடித்துக்கொண்டு படித்தேன், பல்லைக் கடித்துக்கொண்டு குடும்பம் நடத்தினேன் என்கிறோம். உடம்பு அந்த வார்த்தையை அப்படியே எடுத்துக்கொள்கிறது. கோபத்தை அடக்கும்போது, ஊசியில் நூல் கோக்கும்போது, நெரிசலில் வண்டி ஓட்டும்போது, மேலதிகாரியின் குறுஞ்செய்தியைப் படிக்கும்போது தாடை இறுகும். இலேசான அழுத்தம்தான், ஆனால் மணிக்கணக்கில். நறநறவென்று கடிப்பவர்களுக்குத்தான் இந்த வலி வரும் என்பது தவறு. சத்தமே இல்லாமல் பல்லைச் சேர்த்து வைத்திருப்பவர்களே அதிகம்.

செய்ய வேண்டியது இது. நாக்கை மெல்ல "ந" என்று சொல்லும் இடத்துக்குக் கொண்டுபோங்கள். மேல் முன்பல்லின் பின்புறத்தை ஒட்டிய மேடு. நாக்கு நுனி அங்கே இலேசாக ஒட்டியிருக்கட்டும், அழுத்த வேண்டாம். உதடுகள் மூடியிருக்கட்டும். பற்களுக்கு நடுவே இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி. மூச்சு மூக்கு வழியாக. இந்த நிலையில் தாடைத் தசைகளுக்கு ஓய்வு.

நினைவு வைத்துக்கொள்வதுதான் கஷ்டம். மன உறுதியை நம்பாதீர்கள், அடையாளங்களை நம்புங்கள். நான் சிவப்பு ஸ்டிக்கர்களை வாங்கி கணினித் திரையின் மூலையில், போனின் பின்புறத்தில், ஸ்கூட்டரின் வேகமுள் பக்கத்தில், சமையலறைக் குழாய்க்கு மேலே ஒட்டினேன். சிவப்பைப் பார்த்தால் பல்லைப் பிரி, தோளை இறக்கு, ஒரு மூச்சை நீளமாக விடு. முதல் வாரத்தில் பார்க்கும்போதெல்லாம் பற்கள் சேர்ந்தே இருந்தன. மூன்றாவது வாரத்தில் பாதி நேரம் பிரிந்திருந்தன. ஆறாவது வாரத்தில் சேர்ந்தால் அந்நியமாகத் தெரிந்தது.

கூடவே விட வேண்டிய பழக்கங்கள்: சூயிங் கம், நகம் கடிப்பது, பேனா மூடியைக் கடிப்பது, ஷாம்பு பாக்கெட்டைப் பல்லால் கிழிப்பது, உள்ளங்கையில் மோவாயைத் தாங்கி உட்காருவது, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிப் பேசுவது, ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டு ஓட்டுவது. தையல் வேலை செய்பவர்கள் நூலைப் பல்லால் அறுப்பார்கள். எங்கள் தெருவில் தையல்கடை வைத்திருக்கும் அக்காவிடம் இதைச் சொன்னபோது, கழுத்தில் ஒரு சின்னக் கத்தரியை நாடாவில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டார். நூலுக்கு ஒரு தடவை என்று ஒரு நாளைக்கு எத்தனை நூறு கடி மிச்சம்!

வயலின் பற்றி ஒரு வார்த்தை. மேற்கத்திய முறையில் வயலினை மோவாய்க்கும் தோளுக்கும் நடுவே பிடிப்பார்கள். அப்படி வாசிப்பவர்களுக்குத் தாடைக் கோளாறு வருவது நன்கு தெரிந்த விஷயம். நம் கர்நாடக சங்கீதக்காரர்கள் சம்மணமிட்டு, வயலின் தலையைக் காலில் தாங்கி வாசிப்பதால் தாடைக்கு வேலையே இல்லை. ஒரு கருவியை எப்படிப் பிடிக்கிறோம் என்பதுகூட இந்த மூட்டுக்குக் கணக்கு.

படி 4: சாப்பாடு

முதல் இரண்டு வாரம் மென்மையான சாப்பாடு. நமக்கு இதில் பஞ்சமே இல்லை. இட்லி, இடியாப்பம், குழைய வடித்த சாதத்தில் ரசம், வெண்பொங்கல், பருப்புக் கடைசல், சுரைக்காய்க் கூட்டு, முட்டைப் பொரியல், முள் எடுத்த மீன், கனிந்த வாழைப்பழம். தள்ளி வைக்க வேண்டியவை முறுக்கு, தட்டை, கடலை மிட்டாய், கரும்பு, பச்சைக் கேரட், நல்லி எலும்பு. பரோட்டாவும் இந்தப் பட்டியலில்தான். கடினமாக இருப்பது ஒரு தொல்லை என்றால், ரப்பர் மாதிரி இழுத்து இழுத்து மெல்ல வேண்டியிருப்பது அதைவிடப் பெரிய தொல்லை.

கொய்யாவையும் ஆப்பிளையும் முழுதாகக் கடிக்காமல் வில்லையாக நறுக்குங்கள். சின்னச் சின்ன வாயாக, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி மெல்லுங்கள். வலிக்கிறது என்று ஒரே பக்கம் மெல்வதை மாதக்கணக்கில் தொடர்ந்தால் மறுபக்கமும் நோக ஆரம்பிக்கும். மாதக்கணக்கில் கஞ்சியிலேயே இருப்பதும் கூடாது, தசை பலவீனமாகும். வலி குறைந்ததும் தோசை, சப்பாத்தி என்று படிப்படியாக ஏறுங்கள்.

கொட்டாவி வந்தால் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, மோவாய்க்கு அடியில் முஷ்டியைக் கொடுங்கள். வாய் அளவுக்கு மேல் பிளக்காது.

படி 5: ஒத்தடமும் மருந்தும்

மந்தமான, நாள்பட்ட தசை வலிக்குச் சூடு. துண்டை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, கன்னத்திலும் பொட்டிலும் 15 முதல் 20 நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று முறை. கைக்குத் தாங்கும் சூடு போதும். திடீரென்று கிளம்பிய கூர்மையான வலிக்கும் அடிபட்ட முதல் இரண்டு நாளுக்கும் ஐஸ், துணியில் சுற்றி 10 நிமிடம்.

ஒத்தடம் முடிந்த சூட்டோடு கன்னத்தைத் தடவிவிடுங்கள். பல்லை ஒரு நொடி இலேசாகக் கடித்தால் கன்னத்தில் புடைக்கும் சதைதான் இடம். கண்டுபிடித்ததும் பல்லைப் பிரித்துவிட்டு, இரண்டு விரலால் வட்டமாக, மேலிருந்து கீழாக ஒரு நிமிடம் தடவுங்கள். பொட்டிலும் அப்படியே. மூட்டின்மேலேயே அழுத்த வேண்டாம்.

இபுப்ரோஃபென் போன்ற அழற்சி குறைக்கும் மாத்திரை சில நாட்களுக்கு உதவும். ஆனால் வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா, கர்ப்பம், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுவது, இவற்றில் எதுவும் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். மருந்துக் கடையில் கேட்டு வாரக்கணக்கில் வலி மாத்திரை போடுவதை எந்த வயதிலும் நான் ஏற்க மாட்டேன். மனச்சோர்வுக்குச் சாப்பிடும் சில மாத்திரைகள் பல் கடிப்பைக் கூட்டும். அப்படிச் சந்தேகம் வந்தால் நீங்களாக நிறுத்தாமல், எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் சொல்லுங்கள்.

படி 6: பயிற்சி

கடுமையான வலி கொஞ்சம் அடங்கிய பிறகு தொடங்குங்கள். இதில் வேகம் கூடாது, பலம் கூடாது. சிலி நாட்டு இயன்முறை மருத்துவர் மரியானோ ரோகபாடோ வகுத்த முறை உலகமெங்கும் சொல்லித்தரப்படுகிறது. ஆறு பயிற்சி, ஒவ்வொன்றும் ஆறு முறை, நாளுக்கு ஆறு வேளை. அலுவலகம் போகிறவர்களுக்கு ஆறு வேளை நடக்காது. நான் நாலு வேளை செய்தேன். எனக்கு மிகவும் உதவியவற்றை மட்டும் எழுதுகிறேன்.

முதலாவது, நாக்கைப் பழைய "ந" இடத்தில் ஒட்டிக்கொண்டே வாயைத் திறப்பது. நாக்கு விடுபடும் நிலை வந்தால் நிறுத்தி மூடுங்கள். நாக்கு ஒட்டியிருக்கும் வரை மூட்டு சுழலும், சறுக்காது. அதனால் டிஸ்க்கைத் தொந்தரவு செய்யாமல் மூட்டுக்கு அசைவு கிடைக்கிறது.

இரண்டாவது, நேர்கோட்டில் திறப்பது. மோவாயின் நடுவில் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிக்கொள்ளுங்கள். கண்ணாடியில் செங்குத்தாக ஒரு நூலை ஒட்டுங்கள். பொட்டு நூலை விட்டு விலகாமல் வாயைத் திறந்து மூட வேண்டும். விலக ஆரம்பிக்கும் இடத்தில் நின்று, மூடி, மறுபடி தொடங்குங்கள். என் பொட்டு முதல் நாள் பாதி வழியிலேயே இடப்பக்கம் ஓடியது. தாடை எங்கே போகிறது என்று கண்ணால் பார்த்த பிறகுதான் அதைத் திருத்தவும் முடிந்தது.

மூன்றாவது, மோவாய்க்கு அடியில் கட்டைவிரலை வைத்து இலேசாகத் தடுத்து, அதை எதிர்த்து ஒரு விரல்கடை திறந்து ஐந்து நொடி நிறுத்துவது. பக்கவாட்டிலும் அதேபோல, தாடை அசையாமல் தடுக்கும் அளவுக்கு மட்டும்.

நான்காவது கழுத்துக்கு. சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, தலையைக் குனியாமல் மோவாயை மட்டும் பின்னால் இழுத்து ஐந்து நொடி. போனைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருப்பவர்களுக்குத் தலை முன்னால் வந்திருக்கும். கழுத்துத் தசை இறுகினால் தாடைத் தசையும் இறுகும்.

வாய் குறைவாகத் திறப்பது தசை இறுக்கத்தால்தான் என்று மருத்துவர் உறுதி செய்திருந்தால், ஒத்தடத்துக்குப் பிறகு கட்டைவிரலை மேல் முன்பல்லிலும் சுட்டுவிரலைக் கீழ் முன்பல்லிலும் வைத்து மெல்ல விரித்து 20 நொடி பிடிக்கலாம். டிஸ்க் பூட்டிக்கொண்டவர்கள் தாங்களாக இதைச் செய்ய வேண்டாம்.

பயிற்சி செய்யும்போது கொஞ்சம் இழுப்பது போலிருந்து கால் மணி நேரத்தில் அடங்கினால் சரி. மறுநாளும் வலி ஏறியே இருந்தால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள்.

படி 7: இரவும் நைட் கார்டும்

தூக்கத்தில் கடிப்பதை மனதால் நிறுத்த முடியாது. சூழ்நிலையைத்தான் மாற்ற முடியும். மதியத்துக்குப் பிறகு காபி, டீ வேண்டாம். மதுவும் புகையும் பல் கடிப்பைக் கூட்டும். குப்புறப் படுப்பதை விட்டு மல்லாந்தோ, கழுத்து நேராக இருக்கும் தலையணையோடு ஒருக்களித்தோ படுங்கள். பலமாகக் குறட்டை விட்டு, மூச்சு நின்று நின்று வந்து, பகலில் தூங்கி வழிகிறவர்கள் முதலில் அதற்குப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

குழந்தைகள் இரவில் பல்லைக் கடித்தால் வயிற்றில் பூச்சி என்று நம் பாட்டிமார்கள் சொல்வார்கள். பூச்சி மருந்து கொடுக்க வேறு காரணம் இருந்தால் கொடுங்கள், பல் கடிப்புக்காக வேண்டாம். பெரும்பாலான குழந்தைகளுக்கு வளர வளர அதுவாகவே நின்றுவிடும்.

தூங்கும்போது பல்லின்மேல் மாட்டிக்கொள்ளும் தகடான நைட் கார்டு பற்றி நேராகச் சொல்கிறேன். பல் தேயாமல் அது காக்கும், சிலருக்குக் காலை வலி குறையும். மூட்டைக் குணப்படுத்தும் கருவி அல்ல. போட்டால், பல் மருத்துவர் அளவெடுத்துச் செய்த, எல்லாப் பல்லையும் மூடும் கெட்டியான தகடாக இருக்கட்டும். முன்பல்லை மட்டும் மூடும் சின்ன வகைகளை நீண்ட நாள் போட்டால் மற்ற பற்கள் நகர்ந்து, பல் சேர்க்கையே மாறிவிடக்கூடும். இணையத்தில் வாங்கி வெந்நீரில் போட்டுக் கடிக்கும் மெத்தென்ற வகையில் சிலர் இன்னும் பலமாக மெல்ல ஆரம்பித்துவிடுகிறார்கள்.

வாய் பூட்டிக்கொண்டால்

இது இரண்டு விதம். ஒன்று, வருடக்கணக்கில் வந்த "டக்" சத்தம் ஒரு நாள் காணாமல் போய், வாய் இரண்டு விரலுக்கு மேல் திறக்காது. நழுவிய டிஸ்க் வழியை அடைத்துக்கொண்டது. பலவந்தமாகத் திறக்காதீர்கள், யாரையும் திறக்க விடாதீர்கள். சில நாட்களுக்குள் மருத்துவரைப் பாருங்கள். பெரும்பாலும் வாரக்கணக்கில் பயிற்சியோடு தளர்ந்துகொடுக்கும்.

இன்னொன்று, பெரிய கொட்டாவிக்குப் பிறகு வாய் மூடவே முடியாமல் போவது. குமிழ் மேட்டைத் தாண்டி முன்னால் போய் மாட்டிக்கொண்டது. பார்க்கப் பயமாக இருக்கும், எச்சில் வழியும், பேச வராது. உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மருத்துவர் கட்டைவிரல்களில் துணி சுற்றி, கீழ்க் கடைவாய்ப் பற்களைக் கீழ்நோக்கி அழுத்திப் பின்னால் தள்ளுவார், உள்ளே போய்ச் சேரும். இப்படிச் சேர்க்கும் முறை ஹிப்போகிரட்டிஸ் காலத்துக் கிரேக்க மருத்துவ நூல்களிலேயே இருக்கிறது. பிறகு இரண்டு மூன்று வாரம் வாயை அகலத் திறக்கக் கூடாது.

படி 8: மருத்துவரிடம் போகும்போது

மேலே சொன்னதை ஒழுங்காகச் செய்தும் ஆறு வாரத்தில் எந்த மாற்றமும் இல்லையென்றால், அல்லது வாய் 35 மில்லிமீட்டருக்குக் குறைவாகவே திறக்கிறதென்றால், போய்விடுங்கள். பார்க்க வேண்டியவர்கள் வாய் மருத்துவம் அல்லது முகத் தாடை அறுவை படித்த பல் மருத்துவர்கள். சென்னையில் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் புதுக்கோட்டை அரசு பல் மருத்துவக் கல்லூரியிலும் பார்க்கலாம். நோட்டை எடுத்துப் போங்கள். தாடை முழுவதையும் ஒரே படமாக எடுக்கும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரேயில் எலும்பும் பல்லும் தெரியும், டிஸ்க் தெரியாது. டிஸ்க்குக்கு எம்.ஆர்.ஐ. வேண்டும், ஆனால் எல்லோருக்கும் அது தேவையில்லை.

இங்கேதான் நீங்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். 1934-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்துக் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஜேம்ஸ் காஸ்டன், காது வலிக்கும் தாடை மூட்டுக்கும் உள்ள தொடர்பை எழுதினார். பல் சேர்க்கை கெடுவதுதான் காரணம் என்பது அவர் கருத்து. அதைப் பிடித்துக்கொண்டு பல பத்தாண்டுகள் நோயாளிகளின் பற்களை ராவினார்கள், உறை போட்டு உயர்த்தினார்கள், கம்பி கட்டினார்கள். பிந்தைய ஆய்வுகள் பல் சேர்க்கைக்கு அவ்வளவு பெரிய பங்கில்லை என்று காட்டின. 1980-களில் அமெரிக்காவில் டிஸ்க்கை எடுத்துவிட்டு டெஃப்லான் பூச்சுள்ள செயற்கைத் தகடு பொருத்தினார்கள். அது மெல்லும் அழுத்தத்தில் நொறுங்கி, சுற்றியிருந்த எலும்பையே அரித்தது. திரும்பப் பெறும் நிலை வருவதற்குள் ஏராளமானவர்களின் தாடை பாழாகிவிட்டது.

பி.எம்.ஜே. மருத்துவ இதழ் 2023-இல் நாள்பட்ட தாடை வலிக்கு வெளியிட்ட நிபுணர் குழுப் பரிந்துரையில், உறுதியாக ஆதரிக்கப்பட்டவை மேற்பார்வையில் செய்யும் தாடைப் பயிற்சி, கழுத்துத் தோரணைப் பயிற்சி, இயன்முறை மருத்துவர் கையால் செய்யும் சிகிச்சை, எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் உளவியல் சிகிச்சை போன்றவைதான். டிஸ்க்கை வெட்டி எடுப்பதையும் பல் சேர்க்கையை நிரந்தரமாக மாற்றும் தகடுகளையும் உறுதியாக வேண்டாம் என்றது. தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசி, மூட்டுக்குள் போடும் ஊசிகள், சாதாரண நைட் கார்டு முதலியவற்றைப் பொதுவாகப் பரிந்துரைக்கவில்லை. சிலருக்கு இவை பொருந்தலாம், ஆனால் தொடக்கம் இவற்றில் இருக்கக் கூடாது.

ஆகவே கேளுங்கள்: "டாக்டர், இது தசையா, டிஸ்க்கா, மூட்டுத் தேய்மானமா? இந்தச் சிகிச்சையை நிறுத்தினால் பழைய நிலைக்குத் திரும்பலாமா? இதற்கு முன் செய்துபார்க்க எளிய வழி எதுவும் இருக்கிறதா?" பல்லை ராவுவது, பிடுங்குவது, மூட்டைத் திறப்பது என்று திரும்ப முடியாத எதையும் யாராவது முதல் நாளே சொன்னால், நன்றி சொல்லிவிட்டு இன்னொருவரைப் பாருங்கள். அறுவை தேவைப்படுகிறவர்கள் உண்டு. மூட்டு எலும்பு ஒட்டிப்போனவர்கள், மூட்டில் கட்டி வந்தவர்கள் போல. ஆனால் தாடை வலியோடு வருகிறவர்களில் அவர்கள் சிறுபான்மை.

வேறு காரணத்துக்காகப் பல் மருத்துவரிடம் போகும்போதும் தாடை பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நீண்ட வேர் சிகிச்சையில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வாயை மூட அனுமதி கேளுங்கள், தருவார்கள்.

வலி திரும்பி வந்தால்

வரும். எனக்கு ஐந்து மாதத்தில் போனது, ஒன்பதாவது மாதம் ஒரு கல்யாண வீட்டில் மூன்று நாள் தூக்கமில்லாமல் அலைந்ததில் திரும்பி வந்தது. முதல் நாள் பயந்துபோனேன். பிறகு நோட்டைத் திறந்து பழைய வரிசையையே பிடித்தேன்: மூன்று நாள் பொங்கலும் ரசம் சாதமும், காலை மாலை வெந்நீர்த் துண்டு, கழன்று போயிருந்த சிவப்பு ஸ்டிக்கர்களுக்குப் பதில் புதியவை, இரண்டாம் நாளிலிருந்து நாக்கை ஒட்டித் திறக்கும் பயிற்சி மட்டும். எட்டு நாளில் அடங்கியது.

போன ஞாயிற்றுக்கிழமை அளந்தேன், 44 மில்லிமீட்டர். இடது பக்கம் இன்னும் "டக்" என்கிறது. வலிக்கவில்லை.